வைக்காத பெயர்

பெயர் வைக்கவில்லை.
வைத்தால் தங்கிவிடும் என்று பயம்.
இதற்கு முன் ஆறு குட்டிகள்
இந்த மாடி அறை வழியாகப் போயிருக்கின்றன.
ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டு
ஒரு மாதம் சோறு இறங்காமல் கிடந்தேன்.

வண்ணார்பேட்டை பைபாஸ் ஓரம்
ஐப்பசி மழை ஒதுக்கிய குப்பையில்
செருப்பென்று நினைத்துத்தான் தாண்டப் போனேன்.
செருப்பு முனகியது.

பின்னங்கால் ஒன்று திரும்பியிருந்தது.
ராமையன்பட்டி ஆஸ்பத்திரியில்
சீட்டு எழுதப் பெயர் கேட்டார்கள்.
"நாய்" என்றேன்.
"அது தெரியுது" என்றாள் எழுதுகிற பிள்ளை.
அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

மருந்து கொடுக்கவாவது கூப்பிட வேண்டுமே.
ஏளா, வாயத் திற.
ஏளா, அது என் ரேஷன் கார்டு.
ஏளா, பையக் கத்து,
கீழ எபநேசர் சார் வீட்ல ஜெபம் நடக்கு.

வாடகைப் பத்திரத்தில் நாய் கூடாது.
அவர் படியேறி வந்து
"குரைக்கிற மாதிரி கேட்டுச்சே" என்றார்.
"டிவி" என்றேன்.
மறுநாள் கைப்பிடிச் சுவரில் ஒரு பொட்டலம்,
வேகவைத்த மீன்தலைகள்.
"டிவிக்கு" என்றார்,
போகிற போக்கில்.

போன் வந்துகொண்டுதான் இருந்தது.
எல்லாருக்கும் முதல் கேள்வி,
"ஆணா, பொட்டையா?"
பொட்டை என்றதும் லைனில் ஒரு மௌனம்.
பெண் பார்த்துவிட்டு
ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்களே,
அதற்கு முன்னால் வருகிற மௌனம்.
எனக்குப் பழகினதுதான்.

பெருமாள்புரத்துக்காரருக்கு சிப்பிப்பாறை வேண்டும்.
என்.ஜி.ஓ. காலனி அம்மாவுக்கு வெள்ளையாக வேண்டும்.
தச்சநல்லூர்ப் பையன் ஒருவன்
ஒரு மணி நேரம் மடியில் வைத்திருந்தான்.
அவன் அப்பா கீழிருந்து ஹார்ன் அடித்தார்.
லேசாக நொண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டாம்.
சொல்லாமல் எப்படி?

நாற்பத்துமூன்றாம் நாள்
முக்கூடலில் இருந்து பூதத்தான் வந்தார்.
பஞ்சர் கடை. நகக்கண்ணெல்லாம் டியூப் கரி.
டிவிஎஸ் எக்ஸெல் முன்னால் பிஸ்கட் அட்டைப்பெட்டி,
உள்ளே மடித்துப் போட்ட பழைய சாரம்.
ஆணா என்று கேட்கவில்லை.
காலைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்து
"ஓடும்" என்றார்,
சக்கரத்தைச் சொல்வதுபோல.
பிறகு ஒரே ஒரு கேள்வி,
"ராத்திரி அழுமாக்கா?"
பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"அழும்."
"அது சரி. நானும் முழிச்சுதான் கெடக்கேன்."
ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஊசிச் சீட்டு, பூச்சி மருந்து,
அது குதறி வைத்திருந்த என் செருப்பில் ஒன்று,
எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்தேன்.
"பேரென்ன?"
"நீங்க வைங்க."
வண்டி சமாதானபுரம் பக்கம் திரும்பும்வரை
அட்டைக்கு மேலே ஒரு காது தெரிந்தது,
மடங்குகிற காது.

மேலே வந்து தரையைக் கழுவினேன்.
இன்னொரு முறை கழுவினேன்.

எட்டு நாள் கழிந்து,
கரண்ட் பில் கட்டக் கடைசித் தேதி.
என் கவுண்டர் வரிசை வாசலைத் தாண்டி
வேப்பமரம் வரை நிற்கிறது. போன்.
"எக்கா, எம்மவ அழகா பேர் வச்சிருக்கா, தாரகைன்னு.
கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கு.
கம்ப்ரஸருக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டு
சோத்துக்கும் வர மாட்டேங்கு.
நீங்க எப்படிக் கூப்பிடுவிய?"

முதல் ஆள் ஐநூறு ரூபாயை நீட்டியபடி நின்றார்.
பக்கத்து மேஜையில் கண்ணாடி ஒன்று நிமிர்ந்தது.
"போனை அது காதுகிட்ட வைங்க."
வைத்திருப்பார் என்று
ஒரு மூச்சு பொறுத்துவிட்டு,
ஆபீஸே கேட்க,
"ஏளா!"

அந்தப் பக்கம் ஏதோ தகரம் உருண்டது.
வால் பட்டிருக்கும்.

இந்தப் பக்கம் வரிசையில்
கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி
"என்னக்கா?" என்று
திரும்பிப் பார்த்தாள்.